டெபியனும் உபுண்டுவும் பைத்தானை ஏன் துண்டு போட்டுத் தருகின்றன?

கேள்வி இதுதான்: டெபியன் லினக்ஸிலிருந்து கிளைத்த உபுண்டு 24.04 போட்ட கணினியில், பைத்தானின் நிறுவும் கருவியான பிப் வழியாக ஒரு பேக்கேஜை நிறுவப் போனால், "இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது" என்று சொல்லி மறுக்கிறது. சரி, ஒரு ப்ராஜெக்ட்டுக்கென்று தனியாக ஒரு பைத்தான் சூழல், அதாவது வென்வ், உருவாக்கிக்கொள்ளலாம் என்று போனால், அதற்குள் பிப்-பைப் போடும் என்ஷ்யூர்பிப் மாட்யூல் இல்லை என்கிறது. ஜன்னல், பொத்தான் வரையும் டிகிண்டர் மாட்யூலையும் காணோம். விண்டோஸில் ஒரே இன்ஸ்டாலரில் எல்லாம் வந்துவிடுகிறதே, இங்கே மட்டும் ஏன் இப்படி வெட்டி வைத்திருக்கிறார்கள்? மூல நிரலை இறக்கி நானே கம்பைல் செய்து, இருக்கிற பைத்தான்3-ஐத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் இதை வைத்துவிடலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகக் கம்பைல் செய்யுங்கள். ஆனால் /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3 என்ற கோப்பின் மேல் மட்டும் கை வைக்காதீர்கள். அது நீங்கள் நிரல் எழுத வேண்டும் என்பதற்காக வைத்த பைத்தான் இல்லை, இயங்குதளம் தன் சொந்த வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கும் பைத்தான். நீங்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம், அவ்வளவுதான். உங்களுக்கு எரிச்சல் தரும் மற்ற எல்லாமே பெரும்பாலும் இதிலிருந்து கிளம்புவதுதான்.

உபுண்டுவில் பைத்தானை நம்பி ஓடுபவற்றைக் கொஞ்சம் பாருங்கள். புதிய களஞ்சியம் சேர்க்கும் ஆட்-ஆப்ட்-ரெப்போசிட்டரி, பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாக நிறுவும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ், யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால், கிளவுட் சர்வர் முதன்முதலில் எழும்போது அதற்குப் பெயரும் கணக்கும் கொடுக்கும் கிளவுட்-இனிட், கட்டளையைத் தப்பாக அடித்தால் "இந்தப் பேக்கேஜை நிறுவிப் பாருங்கள்" என்று சொல்லும் கருவி. க்னோம் டெர்மினலைத் திறக்கும் கட்டளைகூட ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட்தான். "பைத்தானை அப்கிரேட் செய்தேன், டெர்மினலே திறக்க மாட்டேன் என்கிறது" என்ற புலம்பல் வருடா வருடம் வருவதற்குக் காரணம் இதுதான்.

எப்படி உடைகிறது என்று பார்ப்போம். டெபியன், உபுண்டுவின் பேக்கேஜ் நிறுவும் கருவியான ஆப்ட்-உடன் பேசுவதற்கான மாட்யூல் சி++-ல் எழுதப்பட்டது. அது கம்பைல் ஆகி ஒரு எஸ்ஓ கோப்பாக வருகிறது. அந்தக் கோப்பின் பெயரிலேயே எந்த பைத்தானுக்கானது என்ற முத்திரை இருக்கும். உபுண்டு 24.04-ன் பைத்தான் 3.12 என்பதால் அந்த முத்திரை "சிபைத்தான்-312". நீங்கள் பைத்தான்3 என்ற பெயரை 3.13-க்குத் திருப்பிவிட்டால், புதிய இன்டர்பிரட்டர் அதே கோப்புறையில் 313 என்ற முத்திரை போட்ட கோப்பைத் தேடும். அது அங்கே இல்லை. மாட்யூல் இல்லை என்ற பிழையோடு அன்றிலிருந்து உங்கள் அப்டேட் கருவிகள் ஒவ்வொன்றாகப் படுத்துவிடும். அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் கொண்டு பைத்தான்3-ஐ மாற்றச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். அவை சொல்வதும் இதே காரியத்தைத்தான், கொஞ்சம் மரியாதையான வழியில்.

இனி பேக்கேஜர் பக்கம், அதாவது மென்பொருளை ஒரு டிஸ்ட்ரோவுக்கு (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்புக்கு) ஏற்றபடி பேக்கேஜாகக் கட்டுபவர் பக்கம் வருவோம். பைத்தானின் மூல நிரலை கான்ஃபிகர், மேக், இன்ஸ்டால் என்று மூன்று கட்டளையில் நிறுவிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த இன்ஸ்டால் தன்னை அந்த இடத்தின் தனி முதலாளி என்று நினைத்துக்கொள்கிறது. டெபியனில் வட்டில் இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஏதாவது ஒரு பேக்கேஜ் பொறுப்பு. ஒரு நூலகம் ஒரே ஒரு பிரதியாகத்தான் இருக்க வேண்டும் என்பது அங்கே கொள்கை. இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்-லில் 2014-ல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிவந்தபோது, அந்தக் கொள்கையின் மதிப்பு எல்லாருக்கும் தெரிந்தது. பகிர்ந்து பயன்படுத்தும் நூலகம் என்றால் ஒரு பேக்கேஜைத் திருத்தி, அதைப் பயன்படுத்தும் சேவைகளை மறுபடி தொடங்கினால் போதும். ஒவ்வொரு நிரலும் தன் வயிற்றுக்குள் ஒரு பிரதியை வைத்திருந்தால் ஒவ்வொன்றாகத் தேடிப் போக வேண்டும்.

பைத்தானோ பிரதிகளைச் சுமந்து வரும் பழக்கம் உள்ளது. எக்ஸ்எம்எல் படிக்கும் எக்ஸ்பாட் நூலகத்தின் ஒரு பிரதி அதன் மூல நிரலோடே வருகிறது. டெபியன் அதை ஒதுக்கிவிட்டு, கணினியில் ஏற்கெனவே இருக்கும் எக்ஸ்பாட்டைப் பயன்படுத்தும்படி கான்ஃபிகரிடம் சொல்லிவிடுகிறது. நேர மண்டலத் தகவலுக்கும் அப்படித்தான், கணினி முழுவதற்கும் பொதுவான டிஇசட்டேட்டா. பிப் நிறுவும் செர்டிஃபை பேக்கேஜ் தனியாக ஒரு சான்றிதழ்ப் பட்டியலைச் சுமந்துகொண்டு வரும். டெபியன் தரும் செர்டிஃபையோ /இடிசி/எஸ்எஸ்எல் அடியில் இருக்கும் பொதுப் பட்டியலைத்தான் காட்டும். அலுவலக நெட்வொர்க்கில் சொந்தச் சான்றிதழ் சேர்க்க வேண்டியவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்திருக்கும்.

உங்கள் என்ஷ்யூர்பிப் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. பைத்தான் 3.4 முதல், அதாவது 2014 முதல், பெப் 453-ன்படி (பெப் என்பது பைத்தானில் மாற்றம் கேட்கும் முன்மொழிவு ஆவணம்) இன்டர்பிரட்டரோடு பிப்-பின் வீல் கோப்பு (நிறுவத் தயாராகக் கட்டிய பேக்கேஜ்) ஒன்றும் சேர்ந்தே வருகிறது. வென்வ் உருவாக்கும்போது அதைத்தான் பிரித்து உள்ளே போடுகிறார்கள். அந்த பிப்-புக்குள் ரிக்வெஸ்ட்ஸ், யுஆர்எல்லிப்3, செர்டிஃபை என்று ஒரு பட்டாளமே அடைந்து கிடக்கிறது. பிரதி கூடாது என்ற கொள்கைக்கு இதைவிட நேர் எதிராக ஒன்று இருக்க முடியாது. அதனால் டெபியன் அந்த வீலை எடுத்துவிட்டுத் தானே ஒரு வீல் கட்டி வேறு பேக்கேஜில் வைத்தது. அதைச் சார்ந்திருப்பதால் வென்வ் பகுதியும் பைத்தான்3-வென்வ் என்ற தனிப் பேக்கேஜாகப் போனது.

இதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பிரிவினையை இப்போது நியாயப்படுத்துவது கஷ்டம். ஒரு பக்கம் "பிப் வேண்டுமென்றால் வென்வ் போடு" என்று சொல்லிவிட்டு, மறுபக்கம் வென்வ் போடத் தேவையானதை இயல்பாகத் தராமல் இருப்பது புதிதாக வருபவர்களை இரண்டு முறை திருப்பி அனுப்புவதுதான். பைத்தான்3-ஃபுல் என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறது. அதை நிறுவினால் வென்வ், டிகிண்டர், பைத்தானின் சின்ன எடிட்டரான ஐடில் எல்லாம் சேர்ந்து வந்துவிடும். பிப் மறுக்கும்போது வரும் அந்த நீளமான செய்தியிலேயே இந்தப் பேக்கேஜின் பெயர் இருக்கிறது. யாரும் அதுவரை படிப்பதில்லை, அது வேறு விஷயம்.

டிகிண்டர் விஷயத்தில் அவர்கள் பக்கம்தான் நான். டிகிண்டர் வேண்டுமென்றால் டிகே வேண்டும், டிகே வேண்டுமென்றால் திரையில் ஜன்னல்களைக் காட்டும் எக்ஸ்11 நூலகங்கள் வரிசையாக வரும். திரையே இல்லாத ஒரு சர்வரில், ஃபயர்வால் ஓட வேண்டும் என்பதற்காக எக்ஸ்11-ஐ இழுத்துவருவதில் அர்த்தம் இல்லை. ஹெடர் கோப்புகள் பைத்தான்3-டெவ் என்று தனியாக இருப்பதும் இதே கணக்கு.

இன்னொரு துண்டு இருக்கிறது: பைத்தான்3-மினிமல். ஸ்டாண்டர்டு லைப்ரரியின் ஒரு சிறு பகுதியும் இன்டர்பிரட்டரும் மட்டும் அதில் இருக்கும். ஒரு பேக்கேஜ் நிறுவப்படும்போதோ நீக்கப்படும்போதோ ஓடும் குட்டி ஸ்கிரிப்ட்களுக்கு, பாதி அப்கிரேட் நடந்துகொண்டிருக்கும் அந்தக் குழப்பமான நேரத்திலும் வேலை செய்யும் ஒரு பைத்தான் தேவை. சார்புகள் குறைவாக இருந்தால்தான் அது சாத்தியம். பெர்ல் மொழி விஷயத்தில் டெபியன் இன்னும் ஒரு படி மேலே போய், பெர்ல்-பேஸ் என்ற துண்டை இன்றியமையாதது என்றே குறித்து வைத்திருக்கிறது. அதை நீக்கப் போனால் ஆப்ட் உங்களைக் கடுமையாக எச்சரிக்கும். இப்படி வெட்டுவது பைத்தான் உருவாக்குநர்களுக்குப் பிடிப்பதில்லை. ஸ்டாண்டர்டு லைப்ரரி என்று சொன்னால் அது முழுதாக இருக்கும் என்று நம்பித்தானே மற்றவர்கள் நிரல் எழுதுகிறார்கள்? மாட்யூல் இல்லாதபோது குறைந்தபட்சம் "உங்கள் டிஸ்ட்ரோ இதைத் தனியாகத் தருகிறது" என்று தெளிவாகச் சொல்ல ஒரு வழி வேண்டும் என்று பெப் 534 எழுதப்பட்டது. அதுவோ ஒத்திவைக்கப்பட்டது.

இப்போது கோப்புறைகள். டெபியன் பைத்தான், நிறுவிய மாட்யூல்கள் போய்ச் சேரும் கோப்புறைக்கு சைட்-பேக்கேஜஸ் என்ற பெயரைப் பயன்படுத்தாமல் டிஸ்ட்-பேக்கேஜஸ் என்று வைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பைத்தான் 2.6 காலத்து ஏற்பாடு அது. நீங்கள் மூல நிரலிலிருந்து கட்டும் பைத்தான் இயல்பாக /யூஎஸ்ஆர்/லோக்கல் அடியில் உட்கார்ந்து அங்கே சைட்-பேக்கேஜஸைப் பயன்படுத்தும். டெபியன் பைத்தானைக் கொண்டு நிர்வாகி பிப் ஓட்டினாலும் அது எழுதுவது /யூஎஸ்ஆர்/லோக்கல் அடியில்தான். இரண்டும் ஒரே கோப்புறைக்குள் போய் ஒன்றையொன்று மிதிக்காமல் இருக்கத்தான் பெயரை மாற்றினார்கள். இது வினோதமாகத் தெரிந்தாலும் நீங்கள் செய்யப்போகும் வேலைக்குப் பாதுகாப்புத் தருவதே இதுதான்.

அதைவிடச் சுவாரசியமானது, எல்லா பைத்தான் 3 பதிப்புகளுக்கும் டெபியனில் ஒரே டிஸ்ட்-பேக்கேஜஸ் இருப்பது. ஃபெடோராவில் பதிப்புக்கு ஒரு கோப்புறை. அதனால் பைத்தான் பதிப்பு மாறும்போது அங்கே பைத்தான் பேக்கேஜ்கள் எல்லாவற்றையும் மறுபடி கட்டியாக வேண்டும். டெபியனிலும் ஒரு காலத்தில் இது பெரிய தலைவலியாக இருந்தது. பைத்தான்-சப்போர்ட், பைத்தான்-சென்ட்ரல் என்று இரண்டு போட்டிக் கருவிகள் இருந்தன. ஒவ்வொரு பைத்தான் பதிப்புக்கும் தனியாக நூற்றுக்கணக்கான சிம்லிங்க் (வேறு கோப்பைக் காட்டும் குறுக்குவழி) போட்டு வைப்பார்கள். சிம்லிங்க் காடு என்றே சொல்லலாம். ஒரு பேக்கேஜ் நடுவில் தடுக்கினால் எந்த லிங்க் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

அந்தச் சிக்கலுக்குத் தீர்வு பைத்தானுக்குள்ளேயே வந்தது. பேரி வார்சா எழுதிய பெப் 3147, பெப் 3149 இரண்டும் பைத்தான் 3.2-ல் 2011-ல் நடைமுறைக்கு வந்தன. முதலாவது, பைட்கோடு (பைத்தான் ஒரு நிரலை ஓட்டுவதற்காக மாற்றி வைத்துக்கொள்ளும் வடிவம்) கோப்புகளைப் பைகேஷ் என்ற கோப்புறைக்குள் பதிப்பு முத்திரையோடு வைத்தது. இரண்டாவது, எஸ்ஓ கோப்புகளுக்கும் அதே முத்திரையைக் கொடுத்தது. மேலே டெர்மினலை உடைத்த அந்த 312 இங்கிருந்து வந்ததுதான். இன்று நீங்கள் எந்த இயங்குதளத்தில் பைத்தான் எழுதினாலும் உங்கள் ப்ராஜெக்ட்டுக்குள் முளைக்கும் அந்தப் பைகேஷ் கோப்புறை, முதலில் டிஸ்ட்ரோ பேக்கேஜர்களின் தேவைக்காக யோசிக்கப்பட்டது.

ஒரே கோப்புறை என்பதால் டெபியன் பேக்கேஜான டெப் கோப்புக்குள் பைட்கோடைப் போட்டு அனுப்ப முடியாது. எந்தப் பதிப்புக்கு என்று அனுப்புவது? அதனால் பேக்கேஜ் நிறுவும் நேரத்தில், அந்தக் கணினியில் இருக்கும் பைத்தானுக்கு ஏற்றபடி பைட்கோடு அங்கேயே உருவாக்கப்படுகிறது. பழைய ராஸ்பெரி பையில் ஏதாவது பெரிய பைத்தான் பேக்கேஜை நிறுவும்போது "அமைக்கிறது" என்ற வரியில் நெடுநேரம் நின்றால், பெரும்பாலும் நடப்பது இதுதான். ஃபெடோரா தன் பேக்கேஜான ஆர்பிஎம்-முக்குள்ளேயே பைட்கோடை வைத்து அனுப்பிவிடும்.

பதிப்பு மாற்றமும் டெபியனில் படிப்படியாக நடக்கும். முதலில் புதிய பைத்தானைப் பழையதோடு சேர்த்து உள்ளே விடுவார்கள். அப்புறம் சி-யில் எழுதிய பகுதிகள் உள்ள பேக்கேஜ்களையெல்லாம் மறுபடி கட்டி, ஒரே பேக்கேஜில் இரண்டு முத்திரைகளுக்கும் எஸ்ஓ கோப்புகள் இருக்கும்படி செய்வார்கள். எல்லாம் ஓடுகிறது என்று தெரிந்த பிறகுதான் பைத்தான்3 என்ற பெயர் புதியதற்குத் திரும்பும். கடைசியில் பழையது வெளியேறும். நீங்கள் ஒரே கட்டளையில் செய்ய நினைத்த காரியம் அங்கே பல மாதக் கூட்டு வேலை. பைத்தான் 2-ஐ வெளியேற்றியதோ பல வருடக் கதை. 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு அதன் ஆதரவு முடிந்தும், 2021-ல் வந்த டெபியன் 11-ல் அதன் மிச்சம் இருந்தது. 2023-ல் வந்த டெபியன் 12-ல்தான் முழுதாகப் போனது.

வெளியான பிறகு பதிப்பு எண் நகராது என்பதையும் சொல்ல வேண்டும். டெபியன் 12-ன் பைத்தான் 3.11.2. அதற்குப் பிறகு 3.11 வரிசையில் வந்த பாதுகாப்புத் திருத்தங்களைத் தேர்ந்தெடுத்து, அந்த 3.11.2 மேலேயே ஒட்டுப் போடுகிறார்கள். எண்ணை மட்டும் பார்க்கும் பாதுகாப்பு ஸ்கேனர் "பழைய பைத்தான், ஆபத்து" என்று சிவப்பில் காட்டும். பேக்கேஜின் சேஞ்ச்லாகைப் பார்த்தால்தான் எது திருத்தப்பட்டது என்று தெரியும்.

சரி, பிப் ஏன் மறுக்கிறது? பைத்தான் மாட்யூல்களைத் தேடும் வரிசையில் உங்கள் வீட்டுக் கோப்புறையும் /யூஎஸ்ஆர்/லோக்கலும் முன்னால், ஆப்ட் நிறுவிய டிஸ்ட்-பேக்கேஜஸ் பின்னால். சூடோ போட்டு (நிர்வாகி அதிகாரத்தோடு) பிப்-பில் யுஆர்எல்லிப்3-ன் புதிய பதிப்பை நிறுவினால், ஆப்ட் வைத்திருக்கும் பழையது அப்படியே இருக்கும், ஆனால் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். பழையதை நம்பிச் சோதிக்கப்பட்ட கணினிக் கருவிகள் எல்லாம் ரூட் அதிகாரத்தோடு புதியதை எடுத்துக்கொண்டு ஓடும். ஓடினால் அதிர்ஷ்டம். உடைந்தால் குற்றவாளி யார் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் உடைந்த கருவியை யாரும் தொடவே இல்லை.

இதைத் தடுக்கத்தான் பெப் 668. டெபியனில் பைத்தானைப் பராமரிக்கும் மத்தியாஸ் குளோசேவும் பிப் பராமரிப்பாளர்கள் சிலரும் சேர்ந்து எழுதியது. நுட்பம் மிக எளிது: ஸ்டாண்டர்டு லைப்ரரி இருக்கும் கோப்புறையில் "எக்ஸ்டர்னலி-மேனேஜ்டு" என்ற பெயரில் ஒரு சிறு கோப்பு. 2023 ஜனவரியில் வந்த பிப் 23.0 முதல், வென்வ்-க்கு வெளியே ஓடும்போது அந்தக் கோப்பைக் கண்டால் நின்றுவிடும். உபுண்டு 23.04-லும் டெபியன் 12-லும் இது அமலுக்கு வந்தது. மீறிப் போக "பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்" என்ற ஆப்ஷன் இருக்கிறது. என்ன நடக்கலாம் என்பதை அதன் பெயரே சொல்லிவிடுகிறது. எப்போது வேண்டுமானாலும் தூக்கிப்போடக்கூடிய கன்டெய்னருக்குள் அதைப் பயன்படுத்தலாம். நீங்கள் தினமும் உட்காரும் கணினியில் வேண்டாம்.

மற்றவர்கள் இதே சிக்கலை வேறு மாதிரி தீர்த்திருக்கிறார்கள். ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8, 2019-ல் வந்தபோது, தன் பேக்கேஜ் நிறுவும் டிஎன்எஃப் போன்ற கருவிகளுக்கென்று பிளாட்ஃபார்ம்-பைத்தான் என்று ஒன்றை /யூஎஸ்ஆர்/லிப்எக்ஸெக் அடியில் கண்ணில் படாமல் வைத்தது. பயனருக்கான பைத்தான் தனி. எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. குறைந்தபட்சம் யாருடையது எது என்ற சந்தேகம் இல்லை. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் இன்னும் கறார், 2002-ல் பெர்லைத் தன் அடிப்படை அமைப்பிலிருந்தே எடுத்துவிட்டது. ஓப்பன்பிஎஸ்டியோ பெர்லை இன்றும் உள்ளேயே வைத்திருக்கிறது, அதன் பேக்கேஜ் கருவிகளே பெர்லில் எழுதப்பட்டவை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. புதிய பதிப்பு எதுவும் தேவையில்லை, நாலு பேக்கேஜ் நிறுவ வேண்டும், அவ்வளவுதான் என்றால் பைத்தான்3-வென்வ் நிறுவி, ப்ராஜெக்ட்டுக்கு ஒரு வென்வ் போட்டுக்கொள்ளுங்கள். கட்டளை வரிக் கருவி ஏதாவது வேண்டுமென்றால் பிப்எக்ஸ் அதற்கே ஆனது. வேறு பைத்தான் பதிப்புதான் வேண்டுமென்றால், கம்பைல் செய்யும் ஆசை இல்லாதவர்களுக்கு யூவி ஏற்கெனவே கட்டிய பைத்தானை இறக்கித் தரும். பைஎன்வ் உங்கள் கணினியிலேயே கட்டித் தரும். உபுண்டுவுக்கு டெட்ஸ்னேக்ஸ் களஞ்சியமும் உண்டு.

நீங்களே கட்டுவதானால் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஓப்பன்எஸ்எஸ்எல், எஃப்எஃப்ஐ, எஸ்கியூலைட், ரீட்லைன், இசட்லிப், பிஇசட்2, எல்இசட்எம்ஏ, டிகே ஆகியவற்றின் டெவ் பேக்கேஜ்களை முதலிலேயே நிறுவிவிடுங்கள். இவை இல்லாவிட்டால் கான்ஃபிகர் உங்களைத் தடுக்காது. மேக் முடியும்போது "இந்த மாட்யூல்களைக் கட்டத் தேவையானவை கிடைக்கவில்லை" என்று ஒரு பட்டியலைக் காட்டிவிட்டு வெற்றிகரமாக முடிந்ததாகவே சொல்லும். ஓடிப்போகும் வரிகளில் அது கண்ணில் படாது. எஸ்எஸ்எல் இல்லாத பைத்தானில் பிப்-பால் எதையும் இறக்க முடியாது. இரண்டு, இன்ஸ்டால் என்று கொடுக்காமல் ஆல்ட்இன்ஸ்டால் என்று கொடுங்கள். அது பைத்தான்3.13 என்ற பெயரில் மட்டும் நிறுவும், பைத்தான்3 என்ற பெயரைத் தொடாது. வெறும் இன்ஸ்டால் கொடுத்தால் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் அடியில் ஒரு பைத்தான்3 வந்து உட்காரும். கட்டளைகளைத் தேடும் கோப்புறைப் பட்டியலான பாத்-தில் அது /யூஎஸ்ஆர்/பின்-னுக்கு முன்னால் இருப்பதால், முதல் வரியில் என்வ் பைத்தான்3 என்று எழுதியிருக்கும் ஸ்கிரிப்ட் எல்லாம் உங்கள் பைத்தானைப் பிடித்துக்கொள்ளும். டெபியன் தன் ஸ்கிரிப்ட்களில் /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3 என்று முழுப் பாதையையே எழுதுவது இதனால்தான். வேகமும் வேண்டுமென்றால் ஆப்டிமைசேஷன் ஆப்ஷனை இயக்குங்கள். பைத்தானின் சோதனைகளை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி கம்பைல் செய்யும் என்பதால் நேரம் பிடிக்கும்.

டாக்கர் பயன்படுத்துபவராக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பைத்தானின் அதிகாரப்பூர்வ டாக்கர் இமேஜ் டெபியன் மேல் கட்டப்பட்டதுதான், ஆனால் அதில் பைத்தான் மூல நிரலிலிருந்து கம்பைல் ஆகி /யூஎஸ்ஆர்/லோக்கல் அடியில் இருக்கிறது. அதற்குள் ஆப்ட் வழியாக பைத்தான்3-நம்பை (நம்பை என்ற எண் கணக்கு நூலகம்) நிறுவினால், டெபியனின் இன்னொரு பைத்தான் சத்தமில்லாமல் உள்ளே வரும். நம்பை அதற்குத்தான் போய்ச் சேரும். உங்கள் நிரலுக்கு அது தெரியாது. அங்கே பிப், டெபியன் இமேஜில் ஆப்ட் என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.